எண்ணிச் சுடுதல்
(பழைய மாணவர் ஒருவர், நெய்வேலி)

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் படைக்கலம் பற்றிய கட்டுரை ஒன்றைக் காணும் அன்பர் சிலர் வியப்புறுதல் கூடும். கல்வி பயிலும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வினவுவோரும் உளர். அவ்வினா இகழத்தக்கதன்று. யானும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வினாவையே நெஞ்சிற் சுமந்து வந்தவன். ஆயினும், சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்தில் எழுந்த வழக்கு ஒன்று, இனியும் வாளா இருத்தல் முறையன்று என்று என்னை எழுதத் தூண்டிற்று.

வழக்கு இதுவே. குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்று நம் கல்லூரியில் நிறுவ வேண்டும் என்று மாணவ மாணவியர் சிலர் விண்ணப்பித்துக்கொண்டனர். பழைய மாணவருள் பொருள்வளம் உடையார் இருவர் உதவ முன்வந்தனர். கழகம் வேண்டுமா வேண்டாவா என்பதில் அத்துணை வேறுபாடு எழவில்லை; எவ்வகைத் துப்பாக்கி என்பதிலேதான் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இளைஞர் பலர், கைப்பேசியிற் காணும் அயல்நாட்டுப் பந்தயங்களால் ஈர்க்கப்பட்டு, தோட்டா நிரப்பிய பெட்டியைச் செருகி, விசையை இழுக்குந்தோறும் ஒவ்வொன்றாகச் சுடும் அரைத் தானியங்கி ரவைத் துப்பாக்கியே வேண்டும் என்றனர். மூத்தோர் சிலர், அது போர்க்களத்துக்கு உரியதேயன்றி ஆடுகளத்துக்கு உரியதன்று என்று மறுத்தனர். இரு திறத்தாரும் பாதி உண்மையே கூறினர் என்பது என் கருத்து. மற்றைப் பாதியை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், வழக்குக்குரிய அப்பொருள் இன்னதென்று அறிதல் வேண்டும். ரவைத் துப்பாக்கி என்பது உள்வரி இல்லாத வழவழப்பான குழலை உடையது. ஒரே தோட்டாவிலிருந்து சிறு ஈயமணிகள் பலவற்றைக் கூட்டமாக வீசுவது. பறக்கும் பொருளைச் சுடுதற்கு ஏற்றது இதுவே. பந்தயங்களிற் காணப்படுவன இதனுள் இரு பெருவகை. ஒன்று, இடையில் மடங்கித் திறக்கும் இரட்டைக்குழல். குழலுக்கு ஒன்றாக இரண்டே தோட்டா அதற்கு உண்டு. மற்றொன்று அரைத் தானியங்கி. அதன் குழல் ஒன்றே. வெடித்த மருந்தின் ஆவியில் ஒரு சிறு பகுதியோ, அன்றிப் பின்னுதையின் வேகமோ, உள்ளிருக்கும் அடைப்பைப் பின்னே தள்ளும். சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியே எறியப்படும். அடுத்த தோட்டா அறைக்குள் தானே ஏறி அமரும். சுடுவோன் செய்ய வேண்டுவது விசையை மீண்டும் இழுத்தல் ஒன்றே.

அமெரிக்க நாட்டு ஜான் பிரௌனிங் என்னும் கைவல்லுநர் 1898-ஆம் ஆண்டில் வகுத்த துப்பாக்கியே இவ்வினத்துள் முதன்முதல் பெருவெற்றி பெற்றது. அதன் தோட்டாக்கள் குழலின் கீழே கிடக்கும் குழாயொன்றில் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியிருக்கும். பின்னாளில், கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் அமைப்பைத் தழுவி ருஷிய நாட்டு இஷெவ்ஸ்க் நகரிற் செய்யப்பட்ட சைகா முதலியவை தோன்றின. அவை கழற்றி மாட்டும் பெட்டியிலிருந்து தோட்டா பெறுவன. ஐந்து, எட்டு, பத்து என முன்னரே நிரப்பிய பெட்டிகளை இடைக்கச்சையிற் செருகிக்கொண்டு, ஒன்று ஒழிந்தவுடன் மற்றொன்றை மாட்டிவிடலாம். நம் இளைஞர் விரும்புவது இதனையே.

இனி, பந்தயம் இத்துப்பாக்கியை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்று பார்ப்போம்.

ஒலிம்பிக் விளையாட்டில் ரவைத் துப்பாக்கிக்கு உரியவை டிராப், ஸ்கீட் என்னும் பந்தயங்கள். டிராப் பந்தயத்தில், சுடுவோர் நிற்கும் ஐந்து நிலைகளுக்கு 15 மீட்டர் முன்னே ஒரு பள்ளத்தில் 15 பொறிகள் அமைந்திருக்கும். சுடுவோன் குரல் கொடுத்தவுடன் அவற்றுள் ஒன்று, 110 மில்லிமீட்டர் விட்டமும் 105 கிராம் எடையும் உள்ள தட்டு ஒன்றை 76 மீட்டர் தொலைவு செல்லுமாறு எறியும். இடப்புறமா, வலப்புறமா, தாழ்ந்தா, உயர்ந்தா என்பது அவனுக்கு முன்னரே தெரியாது. துரோணர் தம் மாணவர்க்கு வைத்த பறவை கிளையில் அசையாது அமர்ந்திருந்தது, இப்பறவையோ பறந்தோடுவது. தட்டு இருக்கும் இடத்தைச் சுட்டால் தவறும். அது சென்று சேரும் இடத்தைச் சுடல் வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். இறுதிச் சுற்றில் ஒரே முறை. தகுதிச் சுற்றில் ஒருவர்க்கு 125 தட்டுகள்.

இத்தட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் களிமண் புறா என்பது. முற்காலத்தில் மெய்யான புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டனர். 1900-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நிகழ்ந்த போட்டிகளிலும் அக்கொடுமை இடம்பெற்றது. பின்னர் உயிர்ப்புறா ஒழிந்தது. பெயர் மட்டும் எஞ்சிற்று. தோட்டாவில் அடங்கும் ஈயமும் இன்று 24 கிராமுக்கு மிகாமல் வரையறுக்கப்பட்டுளது. இவ்விளையாட்டு ஒவ்வொன்றாக விட்டுவிட்டே வளர்ந்தது என்பதை நண்பர்கள் கருத்தில் இருத்துக.

அரைத் தானியங்கியைப் பற்றி விதி என்ன கூறுகிறது? மூத்தோர் எண்ணியபடி அது விலக்கப்படவில்லை. அனைத்துலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிகள், கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையை விலக்குகின்றன. அரைத் தானியங்கியை ஏற்கின்றன. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோட்டாக்கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா நுழையாதபடி அது அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அறையில் ஒன்று, கூட்டில் ஒன்று, ஆக இரண்டு. அஃதாவது, எத்தனை தோட்டா கொள்ளும் வல்லமை பெற்ற பொறியாயினும், களத்தில் நிற்கும்போது இரட்டைக்குழலுக்கு நிகராகத் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பொறியின் செல்வத்தை விதி பறித்துவிடுகிறது. எஞ்சுவது கண்ணும் கையும் மட்டுமே.

இவ்வாறு சமநிலை செய்யப்பட்ட பின்னர், வல்லார் எதனைத் தேர்கின்றனர்? ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக்குழலையே பெரும்பாலோர் தேர்கின்றனர். இதற்குக் காரணம் பழமைப்பற்று அன்று. குழலின் வாயைச் சிறிது நெருக்கினால் ஈயமணிகள் நெடுந்தொலைவு குவிந்து செல்லும். நெருக்காவிடின் விரைவிற் பரவும். தட்டு அண்மையில் இருக்கும்போது முதற்குழல். தப்பி அகன்றபோது அதனினும் நெருங்கிய வாயுடைய இரண்டாங்குழல். ஒரே குழலையுடைய அரைத் தானியங்கிக்கு இவ்வசதி இல்லை. மேலும், அது எறியும் வெறுங்கூடு பக்கத்தில் நிற்பான்மேல் விழுதலும் கூடும்.

நம் நாட்டில் இக்கலை புதியதன்று. நாடாளுமன்ற மக்களவையின் முதற் சபாநாயகராகிய மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு 1951-ஆம் ஆண்டில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றிற்று. பிகானீர் மன்னர் கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ நகரில் நடந்த உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளிற் கலந்துகொண்டார். நம் தமிழகத்தில், புதுக்கோட்டை அரச மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான், கைனன் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து, 2023 அக்டோபரில் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் 375-க்கு 361 தட்டுகளை உடைத்து அணிக்குரிய பொற்பதக்கம் ஈட்டினார். 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கிலும் அவர் நின்றார். இறுதிச் சுற்று எட்டவில்லை. 125 தட்டுகளுள் ஆறேழு தவறினாலும் இறுதிக்குள் நுழைதல் அரிதாகிவிடும் களம் அது. அத்தகைய களத்தில், பெட்டி நிறைந்த தோட்டாவால் ஆவது யாது? தவறிய தட்டு தவறியதே. பத்தாவது தோட்டா அதனைத் திருப்பிக் கொணராது.

நிற்க. இதுகாறும் கூறியது நூலறிவும் கேள்வியறிவுமாம். யான் இவ்வழக்கிற் புகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

1967-ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயது. விருத்தாசலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், உறவினர் ஒருவர் வீட்டில் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டு, கோலால் இடித்து நிரப்பும் வகை அது. காட்டுப்பன்றி கொல்லையை அழிக்கும் பருவத்தில் அதனை நிரப்பி மூலையிற் சார்த்தி வைப்பர். ஒருநாள் யானும் என் தம்பியும் அங்கே தனித்திருந்தோம். வெறுந்துப்பாக்கி என்று எண்ணி யான் அதனை எடுத்தேன், குதிரையை இழுத்தேன். வீடு முழுவதும் புகையாயிற்று. ரவைகள் நெற்குதிரின் மேற்பாகத்தைச் சிதைத்துச் சுவரிற் பதிந்தன. துப்பாக்கியின் வாய்க்கு இரண்டு முழத்தொலைவில் நின்ற என் தம்பிமேல் ஒரு மணியும் படவில்லை. ஆனால் அவனுடைய இடச்செவி அன்று இழந்த கேள்வி மீளவேயில்லை. அவன் இன்றும் எனக்கு இடப்பக்கமாகவே அமர்ந்து பேசுவான். ஏனெனில், அவ்வாறு அமர்ந்தால் நான் இருப்பது அவனுடைய நல்ல செவியின் பக்கம்.

அன்று யான் செய்த பிழைக்கு அறியாமை ஒரு காரணம். அத்துப்பாக்கியின் அமைப்பு மற்றொரு காரணம். நாட்டுத் துப்பாக்கியைத் திறந்து பார்க்க வழியில்லை. நிறைந்ததும் வெறுமையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. மடங்கித் திறக்கும் இரட்டைக்குழல் இக்குறையை நீக்கிற்று. களத்தில் அதனைச் சுமந்து நடப்போர், மடக்கித் திறந்து தோளிலோ முழங்கையிலோ சார்த்திக்கொண்டே நடப்பர். அறைகளின் வழியே வானம் தெரியும். அது வெறுமை என்பதை இருபது அடி தொலைவில் நிற்கும் குழந்தையும் காணும். அரைத் தானியங்கியோ மீண்டும் தன் வயிற்றை மூடிக்கொண்டது. பெட்டியைக் கழற்றிவிட்டோம், ஆதலின் வெறுமை என்று எண்ணுவோம். அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கும். அதனாலேதான், அடைப்பைப் பின்னே இழுத்துத் திறந்தபடியே, வாய் வானையோ தரையையோ நோக்க அதனைச் சுமத்தல் வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துகின்றன. மறைக்கும் கருவியைக் கைக்கொள்வோன், அது மறைப்பதைத் தானே வெளிப்படுத்திக் காட்டும் கடன் உடையவன்.

இனி, இளைஞர் விரும்பும் பந்தயத்துக்கு வருவோம். அதனை யான் பழிக்க வரவில்லை. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் நிறுவப்பட்ட அனைத்துலக நடைமுறைச் சுடுதற் கூட்டமைப்பு இதனை நடத்துகிறது. ரவைத் துப்பாக்கிக்கெனத் தனி உலகப் போட்டி 2012-இல் ஹங்கேரி நாட்டில் முதன்முறையாக நடந்தது. அங்கே போட்டியாளர் ஓரிடத்தில் நில்லாது ஓடி, திரும்பி, பலவகைக் குறிகளைச் சுடுகின்றனர். பெற்ற புள்ளியைச் சென்ற நேரத்தால் வகுத்து மதிப்பெண் அளிக்கின்றனர். ஆகவே அங்கே தோட்டா மாற்றும் விரைவும் ஒரு கலை. பெட்டித் துப்பாக்கிக்கு எனத் தனிப்பிரிவும் உண்டு. குழாயுடையார் குழாயுடையாரோடும், பெட்டியுடையார் பெட்டியுடையாரோடும் பொருதல் நேர்மையே.

அப்பந்தயத்தில் கைப்பேசிப் படங்கள் காட்டாத பகுதியொன்று உண்டு. துப்பாக்கியின் வாய் வரையறுத்த எல்லையைக் கடந்து பின்னோக்கித் திரும்பினால், அது கைதவறி வீழ்ந்தால், அன்றி வேண்டாத நேரத்தில் வெடித்தால், அப்போட்டியாளர் அப்போதே போட்டியினின்று நீக்கப்படுவார். எத்துணைப் பெரிய வீரராயினும் விலக்கில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன், தோட்டாக்களை அகற்றி, வெறும் அறையைக் கள அலுவலருக்குத் திறந்து காட்டுதல் வேண்டும். அவர் கண்டு ஒப்பிய பின்னரே சுற்று முடிந்ததாகும். ஆகவே, விரைவையே தெய்வமாகக் கொண்டதாகத் தோன்றும் அவ்விளையாட்டும், திறந்து காட்டும் அடக்கத்திலேயே முடிகிறது. படத்தைப் பார்த்து மயங்கும் நம் மாணவர், விரைவைக் கண்டனர், அடக்கத்தைக் காணவில்லை.

இக்கருத்தை யான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து எழுந்தது. என் தம்பியின் பெயர்த்தி நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். தேசிய மாணவர் படையில் உள்ளவள். விண்ணப்பத்திற் கையெழுத்திட்டவருள் ஒருத்தி. அவள் கூறினாள்: "பெரிய தாத்தா, இரட்டைக்குழலின் உதை நேரே தோளில் வந்து விழுகிறது. அரைத் தானியங்கியில் அவ்வுதை மெதுவாக வருகிறது என்கிறார்கள். என் தோள் சிறியது என்பதற்காக நான் விளையாட்டையே விட வேண்டுமா?"

இது வெறும் விருப்பத்தாற் பிறந்த வாதம் அன்று. ஆவியால் இயங்கும் அரைத் தானியங்கியில், பின்னுதையின் வேகம் சிறிது நீண்ட நேரத்துக்குப் பரவி வருதலால் தோள் அதனை மென்மையாக உணர்கிறது என்பது உண்மையே. யான் அவளுக்குக் கூறிய விடை இரண்டு. ஒன்று, கட்டை உடலுக்கு ஏற்ற அளவில் அமைந்து, நிற்கும் நிலை செவ்விதாக இருப்பின், 24 கிராம் தோட்டாவின் உதை பெண்டிர்க்கும் தாங்கத்தக்கதே. 2023 ஆசிய விளையாட்டில் ராஜேஸ்வரி குமாரி, மனிஷா கீர், பிரீத்தி ரஜக் மூவரும் ஆடவரைப் போலவே தலைக்கு 125 தட்டு சுட்டு அணிக்கு வெள்ளி பெற்றனர். அவருள் பிரீத்தி ரஜக் 2024-இல் இந்தியத் தரைப்படையின் முதற் பெண் சுபேதார் ஆனவர். மற்றொன்று, உண்மையிலேயே தோள் தாங்காதாயின், விதி அரைத் தானியங்கியை அனுமதிக்கின்றதன்றோ? கூட்டை அடைத்து, இரண்டே தோட்டாவுடன், அவள் அதனையே கைக்கொள்ளலாம். மென்மையான உதை வேண்டும் என்பது நியாயமான வேண்டுகோள். பத்துத் தோட்டா வேண்டும் என்பது வேறொரு வேண்டுகோள். முன்னதன் பின்னே பின்னது ஒளிந்து வருதலாகாது.

சட்டத்தின் நிலையையும் மாணவர் அறிதல் நன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், விசையை அழுத்திப் பிடித்திருக்குமளவும் தொடர்ந்து சுடும் துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட படைக்கலம் என்கிறது. ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு என்னும் அரைத் தானியங்கி அவ்வகையைச் சார்ந்ததன்று. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின் அட்டவணை, அரைத் தானியங்கியைச் சாதாரண இரட்டைக்குழலோடு ஒரே வகுப்பில் வைக்கவில்லை. கடுமையான வகுப்பில் வைத்துளது. உரிமம் பெறுவதற்குரிய வயது இருபத்தொன்று. நம் மாணவருட் பெரும்பாலோர் அவ்வயதை எட்டாதவர். இளையோர் பயிற்றுநர் முன்னிலையிலேயே பழகுதல் கூடும். ஆகவே, பெட்டித் துப்பாக்கியை முதலில் வாங்கிக் கழகத்தைப் பின்னர் அமைப்போம் என்னும் எண்ணம், மணமகனைத் தேடாது பந்தற்கால் நடுதலை ஒக்கும்.

யான் நெய்வேலியில் வாழ்பவன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் பொறிகளால் ஆகிய ஊர். 1956-இல் நிறுவனம் தோன்றி, 1957-இல் மண் அகற்றத் தொடங்கி, 1961-இல் கரியின் முகத்தைக் கண்டது எங்கள் முதற் சுரங்கம். அங்கே 350, 700, 1400 லிட்டர் வாளிகளைச் சக்கரத்தில் தாங்கிய பெரும் பொறிகள் இடையறாது மண்ணை வாரும். பல்லாயிரவர் மண்வெட்டி கொண்டு செய்யும் வேலையை அவற்றுள் ஒன்று செய்யும். ஆகவே பொறியின் பெருக்கத்தை இகழ்வோன் அல்லேன். அப்பெருக்கத்தால் உண்டு வாழ்ந்தவன். அங்கே மண்ணை அகற்றுவதே வேலை. எவ்வளவு மிகுதியாக அகற்றினும் நன்றே. ஆடுகளத்திலோ தட்டு உடைவதே வேலையன்று. உடைக்கும் திறம் ஒருவனிடத்து உளதா என அறிவதே வேலை. ஆகவே சுரங்கத்திற் போற்றத்தக்க பெருக்கம், களத்தில் வரையறுக்கத் தக்கதாகிறது.

எங்கள் சுரங்கத்தில் யான் கற்ற மற்றொரு பாடமும் இங்குப் பயன்படும். பொறியினுள் பழுதுபார்க்க இறங்குமுன், மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டி, சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டே இறங்குதல் வேண்டும். "நிறுத்திவிட்டேன்" என்னும் பிறர் சொல்லை நம்பி இறங்குதல் ஆகாது. நிறுத்தியதை நீயே கண்ணாற் காண வேண்டும். பதினான்கு வயதில் இப்பாடம் எனக்குத் தெரிந்திருப்பின், என் தம்பிக்கு இரு செவிகளும் இருந்திருக்கும்.

ஆதலின், கழகத்தை அமைக்க விரும்பும் அன்பர்க்கு என் கருத்தைத் தொகுத்துக் கூறுவேன். கழகம் வேண்டும், ஐயமில்லை. அது காற்றுத் துப்பாக்கியில் தொடங்குக. வெடிமருந்து அதற்கு வேண்டா. பத்து மீட்டர் நீளமுள்ள கூடம் ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் ஒரே குண்டைக் கையால் இட்டுச் சுடுதல் அதன் முறை. குறியின் நடுவில் உள்ள பத்தாம் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். எங்கள் கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் அப்புள்ளியைத் தேடியே 2019-இல் ரியோ நகரத்து உலகக் கோப்பையிற் பொன் பெற்றார். டோக்கியோ, பாரிசு ஒலிம்பிக்குகளிலும் நின்றார். ஓராண்டு காற்றுத் துப்பாக்கியில் பழகி, ஒழுங்கிற் குறைவின்றித் தேறியவரை மட்டும், முறையான உரிமமும் பயிற்றுநரும் உள்ள ரவைத் துப்பாக்கிக் களத்துக்கு அழைத்துச் செல்க. அங்கே இரட்டைக்குழலிற் பழகுக; தோள் தாங்காதார் கூடு அடைத்த அரைத் தானியங்கியிற் பழகுக. ரவைத் துப்பாக்கி எதுவும் கல்லூரி எல்லைக்குள் தங்குதல் வேண்டா. பெட்டித் துப்பாக்கிப் பந்தயத்தில் விருப்பமுடையார், பட்டம் பெற்று, வயதும் உரிமமும் அடைந்து, அப்பந்தயம் முறையாக நடக்கும் நாடுகளுக்குச் சென்று கலந்துகொள்வாராயின், யானே மாலையிட்டு வழியனுப்புவேன்.

உதவ முன்வந்த இரு செல்வர்க்கும் ஒரு விண்ணப்பம். விலையுயர்ந்த துப்பாக்கியில் உங்கள் பொருளைச் செலவிட வேண்டா. நல்ல பயிற்றுநர் ஒருவர்க்கு மூவாண்டு ஊதியம் தருக. ஒவ்வொரு மாணவர்க்கும் கண்ணாடியும் செவிக்காப்பும் வாங்கித் தருக. செவிக்காப்பைக் கேட்பதற்கு எனக்குள்ள உரிமையை மேலே கூறினேன். எஞ்சிய பொருள் தோட்டாவுக்கு ஆகுக. அதனையும் எண்ணியே செலவிடுக. தகுதிச் சுற்றில் ஒருவர் தட்டுக்கு இரண்டாக 250 தோட்டா சுடின், 6 கிலோகிராம் ஈயம் மண்ணில் வீழும். நிலத்தடி நீரின் அருமையை நாள்தோறும் காணும் ஊரினன் ஆகலின், இதனையும் நினைவூட்டுகிறேன்.

அன்று வீட்டில் நடந்த உரையாடலை என் தம்பி தன் வலச்செவியைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். துப்பாக்கி என்னும் சொல்லையே அவன் வெறுப்பான் என்று நான் எண்ணியிருந்தேன். பெயர்த்தி தன் வாதத்தை முடித்தவுடன், "அவள் சுடட்டும், அண்ணா," என்றான். "சுடுவதற்கு முன்பும் பின்பும் எல்லோருக்கும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு வேண்டுவது அவ்வளவுதான்." ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக யான் அஞ்சி மூடி வைத்திருந்ததை அவன் ஒரு சொல்லில் திறந்துவிட்டான்.

மாணவ நண்பர்களே, உங்கள் கழகம் விரைவில் அமைக. அதன் வாயிலில் எந்தப் பதக்கத்தின் படத்தையும் மாட்டுமுன், திறந்து காட்டு, எண்ணிச் சுடு என்னும் இரண்டு கட்டளைகளை எழுதி வைப்பீராக. அவ்விரண்டையும் காப்பவர் கையில் எவ்வகைத் துப்பாக்கி இருப்பினும் யான் அஞ்சேன். என் தம்பியும் அஞ்சான்.